என் முழங்காலைப் பற்றி நான் சொன்ன பொய்

தம்பி,

உனக்கும், உன் அறையில் உன்னோடு தங்கியிருக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் என் சலாம். இதை நீ மட்டும் மூலையில் உட்கார்ந்து படித்துவிட்டு மடித்து வைத்துக்கொள்ள வேண்டாம். சமையல் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்காரும்போது சத்தமாகப் படி. அந்த ஐந்து பேருக்கும் ஊரில் அம்மா இருக்கிறார்கள். அந்த அம்மாக்களும் இந்நேரம் ஏதோ ஒரு கட்டிலிலோ நாற்காலியிலோ உட்கார வைக்கப்பட்டிருப்பார்கள் என்பது என் சந்தேகம். போனில் இதையெல்லாம் பேச முடியவில்லை. இங்கே பக்கத்தில் உன் மனைவி சபீனா நிற்கிறாள், அங்கே உன் பின்னால் யாராவது சட்டை மாட்டிக்கொண்டு போகிறார்கள், வீடியோவின் மூலையில் என் முகம் எனக்கே தெரிந்துகொண்டிருக்கிறது. உண்மை பேச அது தோதான இடமில்லை. எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்திய நாளிலிருந்தே, வாயால் சொல்ல வராததை எழுதித்தான் எனக்குப் பழக்கம். அடுத்த தெரு ஹமீது லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கிளம்புகிறார். மாசிப் பொடி டப்பாவோடு இந்த நோட்டையும் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். இரண்டு வருஷமாக “அம்மா, நீங்க எந்திரிக்காதீங்க” என்று சொல்லிவந்த நீ, ஏழு மாதமாக “அம்மா, எந்திரிங்க, நடங்க” என்கிறாய். ஒரே பிள்ளை ஒரே வாயால் இரண்டும் சொன்னால் எந்த அம்மாவுக்கும் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. நீ ஏன் என்னை நடக்க வைக்கப் பார்க்கிறாய் என்று நான் ஆராய்ந்தேன். கண்டும் பிடித்தேன். கண்டுபிடித்த பிறகு நான் செய்த காரியத்தைச் சொல்லத்தான் இவ்வளவும்.

உன் அத்தா மவுத்தான பிறகு நான் இத்தா இருந்த நாட்களிலிருந்து தொடங்க வேண்டும். உன் அறையில் இது தெரியாத பிள்ளை இருந்தால் விளக்கிச் சொல்: கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் வீட்டோடு இருப்பது நம் வழக்கம். வீட்டுக்குள்ளே நடக்கக் கூடாது, அடுப்படிப் பக்கம் போகக் கூடாது, குனிந்து ஒரு குவளையை எடுக்கக் கூடாது என்று மார்க்கத்தில் எங்கும் இல்லை. அதையெல்லாம் கூடுதலாகச் சேர்த்தது நம் வீட்டுப் பாசம். “மனசு ஒடஞ்சு கெடக்காக, அவுகளையா குனிய விடுறது” என்று உன் மைமூன் மாமி தட்டைக் கையில் கொடுத்தாள். சபீனா தண்ணீரைக் கையில் கொடுத்தாள். கை கழுவக்கூடப் பாத்திரம் கட்டிலுக்கு வந்தது. அத்தா உயிரோடு இருந்தவரை மிளகாய் காயப்போட்டு அள்ளி, மூட்டை தைத்து, வந்தவர்களுக்கெல்லாம் சோறாக்கிய உடம்பு இது. நான்கு மாதம் பத்து நாள் அது கட்டிலின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தே இருந்தது. மூன்றாவது மாதம் நெற்றியைத் தரையில் வைக்க சுஜூதுக்குப் போகும்போது இடது முழங்கால் பிடித்துக்கொண்டது. “இப்போதைக்கு நாற்காலியில தொழுவுங்க” என்றார்கள். இப்போதைக்கு என்றால் எதுவரை என்று நானும் கேட்கவில்லை, சொன்னவர்களும் சொல்லவில்லை.

அடுத்து நீ அந்த மடக்கு நாற்காலியை அனுப்பினாய், நினைவிருக்கிறதா? முதுகுக்கு மெத்தை, முன்னால் நெற்றி வைக்க ஒரு சிறு பலகை. பெட்டியைப் பிரித்தபோது தெருவில் பாதிப் பெண்கள் வந்து பார்த்தார்கள். மைமூன் அதில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு, “மச்சி, ஒம் மகன் ஒன்னய ராணி மாதிரி வச்சிருக்கான். எம் மகனும் இருக்கானே, பிளாஸ்டிக் ஸ்டூலு வாங்கித் தர நாலு தடவ கணக்கு பாப்பான்” என்றாள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? உடம்பால் முடியாதவர்களுக்கு நாற்காலி ஒரு சலுகை, அதை நான் குறை சொல்லவில்லை. நான் முடியாதவளாக இருந்தேனா, இல்லை முடியாதவளாக ஆகிக்கொண்டிருந்தேனா என்பதைத்தான் யாரும் பார்க்கவில்லை. நம் ஊரில் மகன் வெளிநாட்டில் சம்பாதிக்கிறான் என்பதற்கு அடையாளம், அவன் அம்மா ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல் இருப்பது. நான் அந்த அடையாளமாக இருந்தேன். இத்தா முடிந்த பிறகும் முடியாத மாதிரியே உட்கார்ந்திருந்தேன்.

குளியலறையில் நான் விழுந்ததை உனக்குப் பாதிதான் சொன்னேன். வழுக்கியதால் விழுந்தேன் என்றேன். தரை காய்ந்து கிடந்தது. முக்காலியிலிருந்து எழ நினைத்தேன், தொடையில் எழும்பப் பலமில்லை, அப்படியே சரிந்தேன். அடிபடவில்லை. ஆனால் எழவும் முடியவில்லை. சபீனா கடைக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வரும்வரை சுவரைப் பார்த்தபடி கிடந்தேன். அருப்புக்கோட்டையில் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, “எலும்பு பரவாயில்லம்மா. சதையத்தான் காணோம். உக்காந்தே கரைச்சிட்டீங்க” என்றார். மாத்திரை எழுதித் தருவார் என்று கையை நீட்டிக்கொண்டிருந்தேன். “நடங்க, எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருங்க” என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மருந்து தராத டாக்டரை நான் நம்பவில்லை. பஸ்ஸில் வரும்போது சபீனாவிடம், “அந்தம்மாவுக்கு அனுபவம் பத்தாது போல” என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்ததை நான் கவனித்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் ஸ்கூட்டியில் முத்துமாரி வந்தாள். அரசாங்கத்திலிருந்து வீடு வீடாக வந்து பிசியோதெரபி சொல்லிக்கொடுக்கும் பெண். பரளச்சிக்காரி. அவள் அம்மா செல்லம்மா முன்பு நம் குத்தகை நிலத்துக்கு மிளகாய் பறிக்க வருவாள். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்திருப்பாய். அந்தச் செல்லம்மாவின் மகள் என் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் முழங்காலைத் தொட்டு மடக்கி, “பாயம்மா, கைய ஊனாம எந்திரிங்க பாப்போம்” என்று அதிகாரம் செய்கிறாள். என் மனதில் அப்போது வந்த எண்ணம் நல்ல எண்ணமில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் இந்தக் கடிதத்தில் அழகாகத் தெரிவது என் நோக்கமில்லை. இவள் எதற்கு இவ்வளவு இனிப்பாகப் பேசுகிறாள் என்று பார்த்தேன். முன்பு ஒருவன் இப்படித்தான் அன்பாகப் பேசி மூட்டுவலித் தைலத்தைத் தலையில் கட்டிவிட்டுப் போனான். இவள் பையில் தைலம் இருக்கிறதா, முழங்கால் பட்டை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். ஒரு பேனா, ஒரு நோட்டு, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பாக்கெட் கடலை மிட்டாய். அவ்வளவுதான்.

“யாரு சொல்லி வாரே நீ? எம் மகனா?”

“யாரும் சொல்லல பாயம்மா. எங்க லிஸ்ட்டுல ஒங்க பேரு இருக்கு.”

“லிஸ்ட்டுல எம் பேர எழுதுனது யாரு?”

“விழுந்தீகள்ல, அதான். விழுந்தவுக பேரெல்லாம் எங்களுக்கு வரும்.”

நான் நம்பவில்லை. ஆனாலும் அவள் சொன்னதைச் செய்தேன். செய்யாவிட்டால் எழுந்து போகமாட்டாள் போலிருந்தது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்கார வேண்டும். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்க வேண்டும். சுவரோரம் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, கையை நீட்டித் தூக்க வேண்டும். கேட்டால் பள்ளிக்கூடத்து டிரில் போலிருக்கும். முதல் நாள் மூன்றாவது முறையே தொடை நடுங்கியது. “இப்பிடி ஆட்டம் போடுதே” என்றேன். “ஆடட்டும் பாயம்மா, ரெண்டு வருசமா தூங்குனது இப்பத்தான் முழிக்குது” என்றாள். ஒருநாள் நான் முரண்டு பிடித்தபோது அவளுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. “எங்கம்மா இந்த வயசுலயும் நூறு நாள் வேலைக்குப் போயி மம்பட்டி பிடிக்குது. மூட்டு வீங்கிக் கெடக்கு, உக்காருன்னா உக்காராது. நீங்க எந்திரின்னா எந்திரிக்க மாட்டேங்கிறீக. ஒங்க ரெண்டு பேரையும் ஒண்ணாப் போட்டுக் கலந்து, சரிபாதியாப் பிரிச்சு விட்டா எனக்கு வேல மிச்சம்!” என்றாள். சிரித்துவிட்டேன். அதன்பிறகு அவளைச் சந்தேகப்படுவது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

நடக்கச் சொன்னபோதுதான் உண்மையான சங்கடம் வந்தது. உன் அத்தாவுக்கு நெஞ்சுவலி வந்து போனபோது அவருக்கும் டாக்டர் நடக்கத்தான் சொன்னார். விடியற்காலை ஃபஜ்ரு தொழுதுவிட்டு ஊரணிக் கரையோரமாகப் போய் வருவார். “நீயும் வாயேன், பேசிக்கிட்டே நடக்கலாம்” என்று எத்தனை தடவை கூப்பிட்டார். “சோலி இல்லாம ஒரு பொம்பள ரோட்டுல கைய வீசிட்டு நடந்தா ஊரு என்னாங்கும்” என்று சொல்லி நான் வாசலைக்கூடத் தாண்டவில்லை. நம் ஊரில் பெண் நடப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். தண்ணீருக்கு, விறகுக்கு, கல்யாண வீட்டுக்கு, துக்க வீட்டுக்கு என்று ஏதாவது. நடப்பதற்காக நடப்பவளை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் கூப்பிட்டபோது போகாத நான், முத்துமாரி சொன்னதற்குப் போக வேண்டியதாயிற்று. அப்போதும் சும்மா போகத் துணிச்சல் இல்லை. மாவு அரைக்கப் போகிறவள் போல ஒரு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உள்ளே ஒன்றுமில்லை. எதிரில் வந்தவர்கள் “எங்க போறீக?” என்று கேட்டபோதெல்லாம் “மாவு அரைக்க” என்றேன். ஒரு வாரம் ஓடியது. பிறகு மைமூன் வாசலிலேயே மறித்துவிட்டாள்.

“நில்லு மச்சி. ஒரு வாரமா மாவு அரைக்கப் போற. என்னா விசேசம்? சபீனாவுக்கு எத்தன மாசம்?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தெரு முழுக்கப் பேச்சு பரவியிருக்கிறது. பலகாரம் சுடத்தான் நான் மாவு அரைக்கிறேன் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் சபீனா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன், தம்பி. நீ பார்க்கவில்லை. கல்யாணமாகி நாலு வருஷம். நீ லீவில் வந்த நாட்களைக் கூட்டினால் நீங்கள் இருவரும் சேர்ந்திருந்தது ஐந்து மாதம். என் வெறும் வாளி அவள் காதில் என்னவெல்லாம் விழ வைத்துவிட்டது! அன்றே வாளியை வைத்துவிட்டேன். மைமூனிடம், “எங் காலுக்காக நடக்கேன், போதுமா” என்றேன். அவள், “அப்ப நானும் வாரேன், எனக்கும் சுகர் இருக்கு” என்று செருப்பை மாட்டினாள்.

அவள் கூட வந்ததில் கால் பலப்பட்டது, மனம் கெட்டது. நடக்கும்போது அவள் வாய் சும்மா இருக்காது. “மச்சி, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுக்காத. ரெண்டு வருசமா உக்காரச் சொன்னவுக இப்ப எதுக்கு ஓடச் சொல்றாக? ஒன்னய நல்லா நடக்க வச்சுட்டு, அவுக ரெண்டு பேரும் பறந்துருவாக பாரு. தனியா இருக்கத் தெம்பு வேணும்ல, அதுக்குத்தான் இந்த ஏற்பாடு.” எனக்குள் ஏற்கெனவே இருந்ததைத்தான் அவள் சொன்னாள், ஆனால் அடுத்தவர் வாயில் கேட்டதும் அது ருசுவான மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து நான் எல்லாவற்றையும் கவனிக்க ஆரம்பித்தேன். முத்துமாரி கிளம்பும்போது சபீனா வண்டிவரை போய் மெல்லிய குரலில் ஏதோ கேட்கிறாள். தரையில் உட்கார்ந்து தானாக எழ முடிகிறதா என்று முத்துமாரி வாரத்துக்கு ஒருமுறை என்னைச் சோதிப்பாள். அப்போது சபீனா எங்கிருந்தாலும் வந்து நிற்கிறாள். நான் முடியாமல் கையை நீட்டியதும் ஓடிவந்து தூக்கிவிடுகிறாள், ஆனால் தூக்கிவிட்ட பிறகு கொஞ்சநேரம் பேசமாட்டேன் என்கிறாள். மூக்குக்கண்ணாடி தேடி பீரோவைத் திறந்தபோது அவள் சேலைகளுக்கு அடியில் ஒரு சின்னக் கவர். வெள்ளைப் பின்னணியில் அவள் முகம், ஒரே மாதிரி எட்டுப் படம். பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் எடுக்கும் படம். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். கண்ணாடி என் தலையில்தான் இருந்தது.

அதன்பிறகும் நான் பயிற்சியை விடவில்லை. ஏன் என்றால் எனக்கு ஒரு ஆசை இருந்தது, அதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவையாவது நெற்றியைத் தரையில் வைத்துத் தொழ வேண்டும். ஒரு நாள் மதியம், லுஹர் தொழுகை நேரம். அறைக் கதவைச் சாத்தினேன். முசல்லாவை விரித்தேன். நாற்காலியைத் தள்ளிவைத்தேன். கட்டில் விளிம்பில் ஒரு கை வைத்து, முத்துமாரி சொன்னபடி நல்ல காலை மடக்கி, பிறகு மற்றதை மடக்கி, இறங்கினேன். நெற்றி விரிப்பில் பட்டது. இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது, தம்பி. விரிப்பில் அத்தா பூசும் அத்தரின் வாசம் இருந்தது, அல்லது இருப்பதாக நான் நினைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியாது. திரும்ப எழ வேண்டுமே என்ற பயம் அப்போதுதான் வந்தது. கட்டிலைப் பிடித்தேன், ஒரு காலை ஊன்றினேன், எழுந்துவிட்டேன். தொழுகை முடிந்ததும் பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி, சபீனாவைக் கூப்பிட்டுச் சொல்ல ஓடினேன். ஓடினேன் என்றே எழுதுகிறேன்.

அவள் கொல்லையில் துணி காயப்போட்டபடி உன்னோடு பேசிக்கொண்டிருந்தாள். “இன்னும் கொஞ்ச நாளுதாங்க. மாமி மட்டும் தானா எந்திரிச்சிட்டாகன்னா, நான் வந்துருவேன்” என்றாள்.

நான் சத்தமில்லாமல் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்த வாரம் முத்துமாரி வந்தாள். தரையில் உட்கார்ந்தேன். “எந்திரிங்க பாயம்மா” என்றாள். பாதிவரை எழுந்து, “யம்மா, பிடிச்சுக்கிச்சு” என்று கையை நீட்டினேன். சபீனா ஓடிவந்து தூக்கினாள். முத்துமாரி என் முகத்தைப் பார்த்தாள், முழங்காலைப் பார்த்தாள், நோட்டில் ஏதோ எழுதினாள். அடுத்த வாரமும் அப்படியே செய்தேன். கிளம்பும்போது அவள் குரலைத் தாழ்த்தி, “பாயம்மா, வண்டிய நிறுத்துறப்ப ஜன்னல்ல பாத்தேன். கீழ கெடந்த சாவிய உக்காந்து எடுத்தீக. ஒரு கையும் ஊனல” என்றாள். “நான் நோட்டுல உள்ளதத்தான் எழுதணும். ஆனா ஒங்க வாயால சொல்றவரைக்கும் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பெண்ணைத்தான் நான் தைலம் விற்பவள் என்று நினைத்தேன்.

நீ போனில் “கால் எப்படிம்மா?” என்று கேட்டபோதெல்லாம் “அப்படியேதான் இருக்கு” என்றேன். நீ சோர்ந்து போவது குரலில் தெரிந்தது. எனக்கு அதில் ஒரு நிம்மதி. அதையும் எழுதிவிடுகிறேன், ஒரு நிம்மதி. இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு தரையில் சுஜூது செய்தேன். சபீனா கூடத்தில் இருக்கும் தொழுகை வக்துகளில் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதேன். முடியாதவளுக்குத் தரப்பட்ட சலுகையை முடிந்தவள் நடித்து எடுத்துக்கொண்டேன். உன்னை ஏமாற்றியதற்கு நீ மன்னிப்பாய். தொழுகையில் நடித்ததற்கு நான் யாரிடம் கேட்க வேண்டுமோ அவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படி இருபது நாள். பிறகு சபீனாவுக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் எனக்கு டீ போட எழுந்தவள், அடுப்படி வாசலைப் பிடித்துக்கொண்டு அப்படியே பாயில் படுத்துவிட்டாள். தொட்டால் அனல். அந்த நேரத்தில் எனக்கு விசா, பாஸ்போர்ட் எதுவும் ஞாபகமில்லை. என் முழங்காலே ஞாபகமில்லை. துணியை நனைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தண்ணீர் மாற்ற எழுந்தேன். கஞ்சி வைத்தேன். ஊட்ட உட்கார்ந்தேன். மாத்திரை எடுக்க எழுந்தேன். சாயங்காலம் அஸருக்குப் பிறகு காய்ச்சல் இறங்கி வேர்த்தது. அவள் கண்ணைத் திறந்து, மெதுவாகச் சொன்னாள்:

“பதினொண்ணு.”

“என்னா புள்ள பதினொண்ணு?”

“பதினோரு தடவ உக்காந்து எந்திரிச்சீங்க மாமி. எண்ணிக்கிட்டேதான் கெடந்தேன்.”

என் கையில் ஈரத்துணி இருந்தது. அதைப் பிழிந்துகொண்டே இருந்தேன்.

“எத்தன நாளா மாமி?”

“இருவது நாளா.”

அவள் முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “அன்னைக்குக் கொல்லையில நான் பேசுனதக் கேட்டுட்டீங்களா?”

“கேட்டேன். பீரோவுல இருந்த படத்தையும் பாத்தேன்.”

“அது போன வருசம் எடுத்தது மாமி. அவுகதான் எடுத்து வைக்கச் சொன்னாக. இனி அது ஆகாது, வேற எடுக்கணும். அந்த மொகமே மாறிப்போச்சு.”

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா நீங்க போயிட்டு வான்னுதான் சொல்லுவீங்க. சொல்லிட்டு அந்த நாற்காலில உக்காந்திருப்பீங்க. அதப் பாத்துட்டு நான் எப்படிப் பஸ் ஏறுவேன்?”

“தனியா இருக்கப் பயமா இருக்கு புள்ள” என்றேன். அத்தா போன பிறகு நான் யாரிடமும் சொல்லாத உண்மை அது. முழங்கால் வலி, தலைசுற்றல், தூக்கமின்மை என்று எத்தனையோ பெயரில் அதைச் சொல்லியிருக்கிறேன். அதன் சொந்தப் பெயரில் சொன்னது அன்றுதான்.

அவள் என் கையிலிருந்த துணியை வாங்கி வைத்தாள். “நான் அவுககிட்ட சொல்ல மாட்டேன் மாமி. நீங்களாச் சொல்றப்பச் சொல்லுங்க. சொல்லாட்டியும் பரவாயில்ல” என்றாள். பத்து நாளாகிறது. அவள் சொல்லவில்லை. நேற்று நீ “அம்மா கால் எப்படி?” என்று அவளிடம் கேட்டாய், நான் பக்கத்தில்தான் இருந்தேன். “அப்படியேதாங்க இருக்கு” என்றாள். எனக்காக அவள் பொய் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. அன்று சாயங்காலமே இந்த நோட்டை எடுத்தேன்.

என் சந்தேகம் சரிதான், தம்பி. நீ என்னை நடக்க வைக்கப் பார்த்தது உன் மனைவியை அழைத்துக்கொள்ளத்தான். அதை என்னிடம் மறைத்தது உன் தப்பு. அம்மா தாங்கமாட்டாள் என்று நீயாக முடிவு செய்தாய். முன்பும் அப்படித்தான், அம்மாவால் முடியாது என்று நீயாக முடிவு செய்து நாற்காலி அனுப்பினாய். இனி என் உடம்பைப் பற்றியும் மனதைப் பற்றியும் என்னைக் கேட்டு முடிவு செய். ஆனால் உங்கள் இருவருக்கும் நடுவில் பூட்டாகத் தொங்கியது என் முழங்கால். அது திறந்த பிறகும் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டது நான். அது என் தப்பு. உன் அறையில் உள்ள பிள்ளைகளுக்கும் ஒன்று சொல். அம்மாவை உட்கார வைத்துச் சோறு போடுவது பெருமையாகத்தான் தெரியும். அம்மியில் ஒரு கைப்பிடி அரைக்கட்டும், கொடியில் துணி போடட்டும், கடைவரை போய் வரட்டும், விடுங்கள். “சாப்டீங்களா” என்று கேட்கிற வாயால் “இன்னைக்கு எங்க போனீங்க” என்றும் கேளுங்கள். பதில் சொல்வதற்காகவாவது எங்காவது போவார்கள்.

இப்போது நான் தரையில்தான் தொழுகிறேன், எல்லார் முன்னாலும். காலையில் ஊரணிவரை மைமூனோடு நடக்கிறேன். ஒற்றைக் காலில் முத்துமாரி பத்து எண்ணும்வரை நிற்கிறேன், சில நாள் எட்டில் தடுமாறுகிறேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை மைமூன் என் வீட்டிலோ நான் அவள் வீட்டிலோ சாப்பிடுவதாகப் பேசியிருக்கிறோம். அவளோடு அத்தனை நேரம் இருந்தால் சண்டை வரும், அதற்கும் தயாராகத்தான் இருக்கிறேன். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தாயிற்று. பயம் போய்விட்டது என்று எழுதமாட்டேன், அது போகவில்லை. பயத்தோடு ஒரு வீட்டில் தனியாக இருக்க முடியுமா என்று பார்க்கப் போகிறேன்.

சபீனா இந்தக் கடிதத்தைப் படிக்கவில்லை. நான் போகச் சொன்னால் மறுப்பாள். நீ கூப்பிடு, வருவாள். வேண்டிய தாள்களைப் பார்க்க ஆரம்பி. அவள் உன்னிடம் வந்து சேர்ந்த முதல் மாதம், நான் போன் செய்து முழங்கால் பிடித்துக்கொண்டது, எழ முடியவில்லை என்று அழலாம். என்னை எனக்குத் தெரியும், அழுவேன். பதறிப்போய் அவளுக்குத் திரும்பி வர டிக்கெட் போட்டுவிடாதே. முதலில் முத்துமாரிக்குப் போன் போட்டுக் கேள்.

அம்மா